612 கிராம்

ஞாயிறு மதியம், புதுச்சேரி காந்தி வீதிச் சந்தை.
செருப்புக் கடைக்கும் சீப்புக் கடைக்கும் நடுவே
கொடிக்கயிற்றில் தொங்கின
பெரியவர்கள் படுக்கிற தூளிகள்.

கயிற்றுவலைத் தூளி அறுநூற்று ஐம்பது.
பருத்தி. பார்க்க லட்சணம்.
தூக்கிப் பார்த்தேன்,
நனைந்த ஜமக்காளத்தின் கனம்.
அதில் தூங்கி எழுந்தால்
முதுகில் செதில் முளைத்திருக்கும்.

இருமுனையிலும் கட்டை வைத்தது இன்னும் அழகு.
அது தோட்டம் உள்ளவர்களுக்கு.
எனக்கு இருப்பது ஒரு முதுகுப்பை,
கல்வராயன் மலையில் இரண்டு நாள்,
மீதி விடுமுறைகளுக்கெல்லாம்
தேவனாம்பட்டினத்துச் சவுக்குத் தோப்பு.

கடைக்காரர் நத்தர்ஷா
பாராசூட் துணி என்று
கைக்குட்டை போல் ஒன்றை உதறினார்.
அது விரிந்தது, விரிந்தது,
பக்கத்துக் கடைச் சீப்புகளை மூடியது.
அந்தக் கடைக்காரர் வைவதற்குள்
தன் ஓரத்திலேயே தைத்திருந்த பைக்குள்
உரித்த தேங்காய் அளவுக்குச் சுருண்டு புகுந்தது.

"நானூத்தம்பது கிராம்தாங்க.
நூத்தம்பது கிலோ தாங்கும்.
ஆயிரத்து நூறு.
சிங்கிளா, டபுளா?"

டபுள் என்றால் இருநூறு கிராம் கூட,
முந்நூறு ரூபாய் கூட.
"எல்லாரும் டபுள்தான் எடுப்பாங்க."

நான் தையலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
முனைகளில் மூன்று வரி ஓடியிருக்கிறதா,
நகத்தால் நெம்பினால் நூல் வருகிறதா.
தையல் எனக்குத் தெரியும்.
பிரியப்போகிறது எதுவென்று
போடும்போதே தெரிந்துவிடும்,
சொல்லத்தான் மாட்டோம்.

சிங்கிள் என்றேன்.
அவர் வேறெதுவும் கேட்கவில்லை,
தொள்ளாயிரத்துக்கு இறங்கினார்.
மரத்தில் கட்டும் பட்டை தனி, இருநூற்று ஐம்பது.
வேண்டாம், வீட்டில் கயிறு இருக்கிறது என்றேன்.
அதுதான் நான் செய்த தப்பு.

செவ்வாய் இரவு டூட்டி,
கடலூர் ஆஸ்பத்திரிப் பிரசவ வார்டு.
மூன்றே கால் மணிக்கு ஒருத்திக்கும் வலியில்லை.
பச்சைப்பிள்ளை எடைத்தட்டில்
வெளுத்த துணி விரித்து, எண்ணைப் பூஜ்யமாக்கி,
தூளியைக் கிடத்தினேன்.

612.

நத்தர்ஷா, நூற்று அறுபத்திரண்டு கிராம் பொய்.

லூர்துமேரி எட்டிப் பார்த்து
"ஆணா பொண்ணா?" என்றாள்.
வாயைப் பொத்திச் சிரித்தோம்.

போன மாசியில் இதே தட்டில்
இதைவிடச் சின்னதாய் ஓர் எண் வந்தது.
ஜிப்மருக்கு அனுப்பினோம்.
ஆம்புலன்ஸ் திரும்பி வந்தது, டிரைவர் டீ கேட்டார்.
அவ்வளவுதான் தெரியும்.

தட்டை ஸ்பிரிட் ஊற்றி இரண்டு முறை துடைத்தேன்.

டூட்டி முடிந்து அப்படியே கடற்கரை.
சவுக்கெல்லாம் இளசு.
துணி காயப்போடும் நைலான் கயிறு
பட்டையில் வழுக்கி வழுக்கி இறங்கியது.
இடுப்புயரத்தில் கட்டி உட்கார்ந்தேன்.
இரண்டு மரமும் விசாரிக்க வருவதுபோல்
என் பக்கம் குனிந்தன.
மணல் மெதுவாக, மரியாதையாக
வந்து முதுகைத் தொட்டது.

கிரிக்கெட் நின்றுவிட்டது.
பந்துவீச ஓடி வந்தவன் பாதியில் என்னிடம் வந்தான்.
"தடி மரமா பாருங்கக்கா.
நேரா படுக்காதீங்க, குறுக்கால படுங்க.
போட்டுல நாங்க அப்புடித்தான்."

தடி மரம் பார்த்தேன்.
குறுக்கால் படுத்தேன்.
வாழைப்பழமாய் வளைந்திருந்த முதுகு
சமமானது.
கயிறு மட்டும் ஒவ்வொரு மூச்சுக்கும்
ஒரு முனகல்.

அடுத்த ஞாயிறு போக வேண்டும்.
பட்டைக்கு இருநூற்று ஐம்பது, போக வர பஸ்,
நூற்று அறுபத்திரண்டு கிராம் பற்றி
நத்தர்ஷாவிடம் ஒரு வார்த்தை.

இதிலிருந்து இறங்குவது எப்படியென்று
அந்தப் பையனைக் கேட்க மறந்துவிட்டேன்.
இரவெல்லாம் நின்ற கால்களுக்கும்
அதில் அவசரம் இல்லை.